லெஃப்ட் ஃபீல்ட் மாப்பிள்ளை

பிப்ரவரி 3, திங்கள். தாராபுரம்

ஈரோட்டிலிருந்து பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. டிரைவர் போட்ட பாட்டுச் சத்தத்தில் தூக்கம் மட்டும் கிடைக்கவில்லை. லாட்ஜில் ஃபேன் சுற்றுகிறது, காற்று எங்கே போகிறது என்று தெரியவில்லை.

வந்த வேலை இது. புதிதாகத் தொடங்கப்போகும் தொழில்முறை பேஸ்பால் லீகில் கொச்சி ஹார்பர்ஸ் என்று ஒரு அணி. மேலாளர் பெயர் குரியன். அவருக்கு இன்னும் ஒரே ஒரு அவுட்ஃபீல்டர் வேண்டும். மைதானத்தின் கடைசியில் நின்று, உயரத்தில் வரும் பந்துகளைத் துரத்திப் பிடிக்கிற ஆள். ஹரியானாவில் ஒருவனைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். இங்கே கல்லூரியில் ஒருவன் இருக்கிறானாம். மௌலீஸ்வரன், எம்.பி.எட். இரண்டாம் ஆண்டு, வயது இருபத்து நான்கு. தேறுவானா மாட்டானா என்று பதினாறாம் தேதிக்குள் நான் சொல்லவேண்டும். என் கணிப்பு பிடித்துப்போனால் அந்த அணிக்கு ஆள் தேடும் வேலை எனக்கு நிலைக்கும். இல்லாவிட்டால் பழையபடி ரயில்வே ஆபீஸ், பழைய நாற்காலி.

குரியன் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். எதற்காக வந்தேன் என்று ஊரில் யாரிடமும் மூச்சு விடக்கூடாது. தெரிந்தால் பையன்கள் நடிக்க ஆரம்பித்துவிடுவார்களாம்.

பெட்டியைத் திறந்தால் என் பழைய கிளவ்வும் வந்திருக்கிறது. இடம் இருந்தது, வைத்தேன். அவ்வளவுதான்.

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையில் கல்லூரி மைதானம். கோச் நாச்சிமுத்து சாரிடம், சென்னையில் ரயில்வேயில் இருக்கிறேன், ஒரு காலத்தில் சாஃப்ட்பால் ஆடினவள், விடுப்பில் வந்திருக்கிறேன், வேடிக்கை பார்க்கலாமா என்று கேட்டேன். நல்ல மனுஷர். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு தொப்பியும் கொடுத்தார். எந்த ஊர், என்ன படிப்பு என்றெல்லாம் கேட்டுவிட்டு, வீட்டில் கல்யாண வயசில் யாரும் உண்டா என்றும் கேட்டார். தங்கை இருக்கிறாள் என்றேன். பேச்சுக்குக் கேட்கிறார் போலிருக்கிறது.

மௌலி லெஃப்ட் ஃபீல்டில், மைதானத்தின் இடது கோடியில், நிற்கிறான். நிற்கிறான் என்று சொல்வது மரியாதைக்கு. கூன் போட்டு, ஒரு காலைச் சாய்த்து, பஸ் வராத ஸ்டாப்பில் நிற்பவனைப் போல இருக்கிறான். ஆனால் பந்து பேட்டில் பட்ட நொடியில் கிளம்பிவிடுகிறான். அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

ஐந்து விஷயத்துக்கு மதிப்பெண் போடவேண்டும். இருபதிலிருந்து எண்பது வரை. ஐம்பது என்றால் தொழில்முறையில் சராசரி.

அடி 45. பலம் 40. ஓட்டம் 55. எறி 60. பிடி...

பிடியில்தான் தகராறு. இவனுக்குக் கிரிக்கெட் வியாதி. இங்கே மைதானத்துக்கு வேலி கிடையாது, கிரிக்கெட்டுக்குப் போடும் கயிறுதான் எல்லை. கயிற்றோரம் எகிறிப் பிடிக்கிறான், அப்பால் போய் விழப்போகிறோம் என்று தெரிந்ததும் அந்தரத்திலேயே பந்தை உள்ளே தட்டிவிடுகிறான். கிரிக்கெட்டில் அது சரி. காலோ உடம்போ கயிற்றில் பட்டால் சிக்ஸர் ஆகிவிடும். பேஸ்பாலில் அந்தக் கவலையே இல்லை. விழுவதற்கு முன்னால் பந்து கிளவ்வுக்குள் சிக்கியிருந்தால் போதும், நீ கிணற்றில் போய் விழுந்தாலும் அடித்தவன் அவுட். கையில் வந்த அவுட்டை எதற்காக மறுபடி காற்றில் விடவேண்டும்?

நாச்சிமுத்து சார் தொண்டை கிழியக் கத்தினார். "வந்த பந்தை வெச்சுக்கிட்டு உழுந்து தொலையேன்டா! என்னத்துக்குடா தூக்கி எறியற?"

அவன் தலையை ஆட்டினான். அடுத்த பந்திலும் அதையேதான் செய்தான். நடுவில் நிற்கும் ரியாஸ் என்ற பையன் வேறு, மௌலி எங்கே ஓடினாலும் பின்னாலேயே ஓடுகிறான். தன் இடத்தை விட்டுவிட்டு இவனுக்கு என்ன வேலை?

பிடி 45. எனக்குப் பொறாமை ஒன்றும் இல்லை. இருப்பதைப் போடுகிறேன்.

பிப்ரவரி 5, புதன்

விளையாட்டை மட்டும் பார்த்தால் போதாது, ஆளையும் விசாரிக்கவேண்டும். கொச்சிக்குப் போனதும் குடித்துவிட்டுக் கிடக்கிறவன் என்றால் என் தலை உருளும்.

கல்லூரி வாசலில் ஒரு பேக்கரி. டீயை வாங்கிக்கொண்டு, இந்த மௌலீஸ்வரன் பையன் எப்படி என்று மெதுவாகக் கேட்டேன். பேக்கரிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"தங்கமான பையனுங்க. தண்ணி கிண்ணி ஒண்ணுங் கெடையாதுங்க. டீக்கே அரைச் சக்கரைதானுங்க போடச் சொல்லுவான்."

"கோவப்படுவாரா?"

"அட, கோவமுங்களா? அவனுக்கு அது எப்புடி இருக்கும்னே தெரியாதுங்க. நீங்க தைரியமா முடிக்கலாமுங்க."

எதை முடிப்பது என்று எனக்குப் புரியவில்லை. தேங்காய் பன்னுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். நல்ல ஊர்.

விடுதிக் காப்பாளரிடம் கண்பார்வை எப்படி, முழங்காலில் அடிபட்டதுண்டா, இரவில் நேரத்தில் தூங்குகிறானா என்று கேட்டேன். அவரும் ஒவ்வொன்றுக்கும் சந்தோஷமாகப் பதில் சொன்னார். நான் கேட்காமலேயே வீட்டில் இரண்டு எருமை இருக்கிறது, அக்காவைக் கட்டிக் கொடுத்தாயிற்று என்றும் சொன்னார். எருமைக்கு மதிப்பெண் போட என் படிவத்தில் இடமில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

துணி துவைத்தேன். சுடிதாருக்குப் பட்டன் தைத்தேன். அவன் எறிவதை மறுபடியும் பார்த்தேன். அறுபதுதான். கொஞ்சம் கூடவே இருக்கலாம்.

பிப்ரவரி 7, வெள்ளி

பந்து போடும் பையனுக்குக் காய்ச்சல். நாச்சிமுத்து சார் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்தில் நான் போடுகிறேன் என்றேன். கிளவ் பையில்தான் இருந்தது. முதல் பந்தை மௌலியால் தொடக்கூட முடியவில்லை. மொத்த அணியும் ஓவென்று கத்தியது. எனக்கு வியர்த்துக் கொட்டியது, தோள் வலிக்கிறது, இதை எழுதும்போதும் வலிக்கிறது. பரவாயில்லை.

முடிந்ததும் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தான். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, இஸ்திரி போட்ட ஜெர்ஸி வேறு. பயிற்சிக்கு எவன் ஜெர்ஸியை இஸ்திரி போடுவான்?

"அக்கா, நீங்க எந்த எடத்துல ஆடுனீங்க?"

"லெஃப்ட் ஃபீல்ட்."

"நம்ம எடங்களா!" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "பொறவு ஏனுங்க உட்டுட்டீங்க?"

"நான் விடல. பொம்பளைங்களுக்கு அதுக்கு மேல எதுவும் இல்ல."

பாட்டில் மூடியைத் திருகி மூடினான். பிறகு அவனாகவே சொன்னான். பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார் வேலை கிடைத்திருக்கிறதாம். பதினேழாம் தேதி சேரவேண்டும். "அடுத்த வாரம் நம்ம காலேஜுல நடக்கற டோர்னமெண்டோட கிளவ்வ எடுத்து வெச்சர்லாம்னு இருக்கறனுங்க. இதுக்கு மேல எனக்கும் எதும் இல்லீங்க."

நான் ம் என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? வாயைத் திறந்தால் குரியன் தொலைத்துவிடுவார். வாத்தியார் வேலை நல்ல வேலைதான். எனக்கென்ன.

இரவு சாப்பாடு பிடிக்கவில்லை. ஹோட்டல் ரசத்தில் புளி அதிகம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை எழுதினால் என் தங்கை விழுந்து விழுந்து சிரிப்பாள். அவளையும் இதில் இழுத்துவிட்டிருக்கிறார்கள்.

காலையில் லாட்ஜ் வாசலில் ஒரு அம்மாள். பட்டுப்புடவை, தலையில் கனகாம்பரம், கையில் ஒரு தூக்குச்சட்டி.

"ஏனுங்க அம்மிணி, சென்னையில இருந்து வந்தவங்க நீங்கதானுங்களா? நான் மௌலியோட அம்மா, கலாமணி. பையனப் பத்தி ஊரெல்லாம் கேட்டீங்கன்னு சொன்னாங்க. எங்களயும் வந்து ஒரு வார்த்த கேக்கக் கூடாதுங்களா?"

தூக்குச்சட்டியில் சுடச்சுடக் கச்சாயம், வெல்லம் போட்டுச் சுட்ட பலகாரம். மடியில் மஞ்சள் தடவிய ஜாதகம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேக்கரிக்காரர், காப்பாளர், நாச்சிமுத்து சார், அந்த எண்ணெய்த் தலை, இஸ்திரி ஜெர்ஸி! வெளியூரிலிருந்து ஒருத்தி வந்து, பையன் குடிப்பானா, கோபப்படுவானா, கண் தெரியுமா என்று கேட்டால் இந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். நான் பெண் வீட்டுக்காரி. தாராபுரம் முழுவதும் என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது. அவளுக்குப் போன வருஷமே கல்யாணம் ஆகிவிட்டது. வீட்டில் தங்கை இருக்கிறாள் என்று சொன்னவள் அதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

உண்மையைச் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல வாய் வரவில்லை. "பார்த்துட்டு இருக்கோம்மா" என்றேன். அது பொய்யில்லை. ஜாதகத்தையும் வாங்கிப் பார்த்தேன். பிறந்த தேதி கல்லூரிச் சான்றிதழில் உள்ளதுதான். வயதைக் குறைத்துக்கொண்டு ஆடுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், அந்த ஒரு சந்தேகம் தீர்ந்தது.

கச்சாயம் தின்றுகொண்டே, சின்ன வயசிலிருந்தே இப்படித்தான் எகிறிக் குதிப்பானா என்று கேட்டேன்.

"அதையேங் கேக்கறீங்க! எங்கூட்டுக்கு எதுத்தாப்புல ஒரு ரைஸ்மில்லுங்க. செவுத்துக்கு அக்கட்ட பந்து போச்சுன்னா போனதுதானுங்க, வாட்ச்மேன் குடுக்கவே மாட்டான். பசங்ககிட்ட இருக்கறது ஒரே பந்து. அதனால இவன் செவுத்து மேல ஏறி நின்னுக்குவான். புடிப்பான், அக்கட்ட உழுவறதுக்குள்ள பந்த மட்டும் இக்கட்ட போட்ருவான். கீழ நிக்கறது ரியாசு. அஞ்சு வயசுல இருந்தே அவன் அதப் புடிச்சுக்குவான். மௌலி உள்ள உழுந்து, வாட்ச்மேன்கிட்ட ரெண்டு அடி வாங்கிட்டு, கேட் வழியாச் சிரிச்சுட்டு வருவான். அடி வேணும்னு வாங்கறயாடான்னு கேட்டா, 'நான் உழுந்தாப் பரவால்லம்மா, பந்து உள்ள இருந்தாத்தான ஆட்டம் நடக்கும்'பானுங்க."

நான் அடுத்த கச்சாயத்தை எடுத்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. சூடு.

பிப்ரவரி 10, திங்கள்

குரியன் கூப்பிட்டார். கிரிக்கெட் பழக்கத்தைப் பற்றிச் சொன்னேன். அப்படியானால் வேண்டாம், இருபத்து நாலு வயதில் பழக்கத்தை மாற்ற முடியாது, ஹரியானாக்காரனையே எடுத்துக்கொள்கிறேன், வேண்டாம் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள் என்றார்.

எழுதினேன். அனுப்பவில்லை. சிக்னல் இல்லை. பிறகு தங்கை வீடியோவில் கூப்பிட்டாள், ஒரு மணிநேரம் பேசினோம். மாப்பிள்ளை கதையைச் சொன்னேன். ஜாதகம் பொருந்துகிறதா என்று அவள் வீட்டுக்காரர் கேட்கிறார்.

பிப்ரவரி 12, புதன்

டோர்னமெண்ட் தொடங்கியது. முதல் ஆட்டத்தில் ஒரு வேடிக்கை. எதிரணிப் பையன் கயிற்றோரம் ஒரு பந்தை அருமையாகப் பிடித்து, பிடித்தபடியே அப்பால் போய் விழுந்தான். அடித்தவன் அவுட். ஆனால் பந்தோடு எல்லையைத் தாண்டி விழுந்துவிட்டால் ஆட்டம் நின்றுவிடும், ஓட்டக்காரர்களுக்கெல்லாம் ஒரு பேஸ், ஓடித் தொடவேண்டிய நான்கு மூலைகளில் ஒன்று, இலவசம். மூன்றாவது பேஸில் நின்ற நம் ஆள் கையை வீசிக்கொண்டு நடந்தே வீட்டுக்கு, அதாவது அடிக்கிறவன் நிற்கும் கடைசி பேஸுக்கு, வந்து ஒரு ரன் எடுத்தான். அந்த ஒரு ரன்னில் ஜெயித்தோம்.

ஜெயித்தார்கள் என்று எழுதவேண்டும். நான் நடுநிலை.

பிப்ரவரி 13, வியாழன்

அரையிறுதி. மௌலி இரண்டு ஹிட். தோள் வலிக்கு பேக்கரிக்காரர் ஏதோ எண்ணெய் கொடுத்தார். சம்பந்தி மரியாதை.

பிப்ரவரி 15, சனி

முதலிலிருந்து எழுதுகிறேன்.

இறுதியாட்டம், மதுரை அணியோடு. ஊரே வந்திருந்தது. பேஸ்பால் பார்க்க வந்தது பாதி, மாப்பிள்ளையைப் பார்க்க வந்தது பாதி. கலாமணி அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் பேட்டைத் தொடும்போதெல்லாம் என் தொடையைக் கிள்ளினார்.

கடைசி இன்னிங்ஸ். தாராபுரம் ஒரு ரன் முன்னால். மதுரை ஆடுகிறது, ஒருவர் அவுட், மூன்றாவது பேஸில் ஒரு ஓட்டக்காரன். அவன் வீட்டுக்கு வந்தால் சமன். அடிக்க வந்தவன் இருக்கிறானே, தண்ணீர் லாரி மாதிரி ஒரு ஆள். முதல் பந்தையே தூக்கி அடித்தான்.

சத்தத்திலேயே தெரிந்துவிட்டது, கயிற்றுக்கு வெளியே போகிற பந்து. லெஃப்ட் ஃபீல்ட். மதுரைப் பையன்கள் எல்லாரும் குதித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். கலாமணி அம்மா கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை.

மௌலி பந்தைப் பார்க்காமலே ஓடினான். கயிற்றுக்கு ஒரு அடி இருக்கும்போது திரும்பி எகிறினான். உடம்பு முழுக்கக் கயிற்றுக்கு அப்பால், அந்தரத்தில், கை மட்டும் மேலே. பிடித்துவிட்டான்! பிடித்த வேகத்திலேயே, பாவி, தட்டிவிட்டான்.

"வெச்சுக்கடா!" என்று நாச்சிமுத்து சார் அலறியது கொடுமுடிக்கே கேட்டிருக்கும்.

பந்து உள்ளே வந்தது. அங்கே ரியாஸ் நின்றிருந்தான். வேறு எவன் நிற்பான்? தரையில் படாமல் பிடித்தான். மௌலி கயிற்றுக்கு அப்பால் இருந்த முள்புதருக்குள் போய் விழுந்தான்.

இனிமேல்தான் விஷயமே. மூன்றாவது பேஸில் நின்ற மதுரைக்காரன், பந்து வெளியே போய்விட்டது, ஹோம் ரன் என்று நினைத்து, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சாவகாசமாக வீட்டுக்கு நடந்துவிட்டான். பந்து பிடிபட்டால், பிடித்த பிறகு தன் பேஸைத் தொட்டுவிட்டுத்தான் ஓடவேண்டும். அவன் தொடவில்லை; திரும்பி வருவதற்குள் பந்து அந்த பேஸுக்குப் போய்விட்டால் அவனும் அவுட். மௌலி பந்தோடு விழுந்திருந்தால் ஆட்டம் அங்கேயே நின்றிருக்கும். மதுரைக்காரன் ஆற அமரத் திரும்பிப் போய் பேஸைத் தொட்டுவிட்டு, இலவசமாக வீட்டுக்கு வந்து சமன் செய்திருப்பான். ஆனால் மௌலி மட்டும்தான் விழுந்தான். பந்து உள்ளே இருந்தது. ஆட்டம் நடந்துகொண்டிருந்தது!

மைதானத்தில் யாருக்கும் இது உறைக்கவில்லை. ரியாஸ் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மௌலி விழுந்த பக்கம் பார்த்தபடி நிற்கிறான். எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினேன்.

"மூணாவது பேஸுக்கு எறிடா! மூணாவது பேஸ்!"

அதே நேரத்தில் முள்ளுக்குள்ளிருந்து அதே வார்த்தைகள் வந்தன. "ரியாசு, மூணாவதுக்குப் போட்றா!" விழுந்து கிடந்தவனும் அதைத்தான் யோசித்திருக்கிறான்.

ரியாஸ் எறிந்தான். மூன்றாவது பேஸ்காரன் பிடித்து, பேஸை மிதித்து, கிளவ்வை உயர்த்தி அம்பயரிடம் காட்டினான். மதுரைக்காரன் வீட்டிலிருந்து திரும்பி ஓடி வருகிறான், பாதி வழியில் நின்றுவிட்டான்.

அம்பயர்கள் கூடிப் பேசினார்கள். மதுரை கோச் வந்து, அவன் பிடிக்கவே இல்லை, தட்டித்தான் விட்டான் என்றார். தலைமை அம்பயர் நிதானமாகச் சொன்னார்: "பிடிச்சுட்டு விட்டிருந்தாலும் கேட்ச். தட்டி விட்டிருந்தாலும், தரையில படாம அடுத்தவர் பிடிச்சிட்டார், அதுவும் கேட்ச். ரெண்டு பேரும் அவுட்." கையை உயர்த்தினார். முன்னால் ஒன்று, இப்போது இரண்டு; மூன்று அவுட், ஆட்டம் முடிந்தது.

பிறகு நடந்தது சரியாக நினைவில்லை. நாச்சிமுத்து சார் மௌலியை முள்ளிலிருந்து தூக்கி, கன்னத்தில் ஒன்று வைத்து, அதே கன்னத்தில் முத்தமும் கொடுத்தார். கலாமணி அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "அம்மிணி, நீங்க எதுக்குங்க அழுவறீங்க?" என்றார். நான் அழவில்லை என்று எழுதலாம். யார் நம்பப்போகிறார்கள்? அழுதேன். நன்றாக அழுதேன்.

சாயங்காலமே குரியனுக்கு அனுப்பிவிட்டேன். யாரோ கைபேசியில் எடுத்த வீடியோவும் சேர்த்து. சிக்னல் அருமையாக இருந்தது.

அடி 45. பலம் 40. ஓட்டம் 55. எறி 60. பிடி 70. கீழே ஒரு வரி: 'இவன் பழக்கத்தை மாற்றவேண்டாம். மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள்.'

பிப்ரவரி 16, ஞாயிறு

காலையில் குரியன். வீடியோவை அணியின் அமெரிக்க கோச்சும் பார்த்தாராம். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு, இந்த உத்தியை எந்தப் புத்தகத்தில் படித்தான் என்று கேட்டாராம். ரைஸ்மில் சுவரில் என்றேன். மௌலியை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த மாதமே கொச்சி.

"உள்ளே நின்னு பிடிச்ச பையன்?" என்று கேட்டார்.

"ரியாஸ். இன்னும் பி.காம். முடிக்கல சார்."

"அப்ப அடுத்த வருஷம் போய் அவனையும் பாருங்க அமுதவல்லி."

அடுத்த வருஷம். நான்தான் போய்ப் பார்க்கவேண்டுமாம். போனை வைத்துவிட்டு லாட்ஜ் மாடியில் ஒரு சுற்று ஓடினேன். யாரும் பார்க்கவில்லை.

நேரே மௌலி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னேன். அவன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். முகமெல்லாம் முள் கீறல். "நெசமாவுங்களா அக்கா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டான். கலாமணி அம்மாவுக்குப் பாதி சந்தோஷம், பாதி ஏமாற்றம்.

"அப்ப பொண்ணு இல்லீங்களா?"

"பொண்ணு இல்லம்மா. அணிதான் இருக்கு."

"அட போங்க! ஊரெல்லாம் சொல்லிப் போட்டனே." கொஞ்சம் யோசித்தார். "சரி உடுங்க. கச்சாயஞ் சுட்டது வீண் போகல."

எனக்குச் சாயங்காலம் பஸ். பையைத் தூக்கிக்கொண்டு மைதானத்து வழியாகப் போனேன். மௌலி பேட்டோடு காத்திருந்தான். ரியாஸும் இருந்தான். "அக்கா, லெஃப்ட் ஃபீல்டு காலியாக் கெடக்குதுங்க" என்றான் மௌலி.

போய் நின்றேன். நல்ல உயரமாக ஒன்று அடித்தான், கயிற்றுக்கு மேலே. நான் ஓடினேன். முப்பத்தொன்பது வயதுக்கு அது ஓட்டம்தான். எகிறினேன், பிடித்தேன், அப்பால் போகிறேன் என்று தெரிந்தது, உள்ளே தட்டிவிட்டேன். முள்புதருக்கு இந்தப் பக்கம் புல்லில் விழுந்து கிடந்தபடி திரும்பிப் பார்த்தால் பந்து ரியாஸ் கையில்.

பஸ்ஸில் ஜன்னல் சீட். முழங்கையில் ரத்தம். பழக்க தோஷத்தில் படிவத்தை எடுத்து ஒன்று நிரப்பினேன்.

அமுதவல்லி. லெஃப்ட் ஃபீல்ட். ஓட்டம் 20. பிடி 80.